எலியின் காதில் ஒரு குடித்தனம்

பாலைவனம் என்றதும் ஒட்டகம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் தண்ணீரே குடிக்காமல் காலம் தள்ளும் ஒரு எலியும், அந்த எலியை நம்பிப் பிழைக்கும் ஒரு குட்டி உயிரும் பாலைவனத்தில் உண்டு, தெரியுமா?

அமெரிக்காவில் அரிசோனா, கலிபோர்னியா பக்கத்து வறண்ட நிலங்களில் இருப்பது கங்காரு எலி. பின்னங்கால்களால் தாவித் தாவி ஓடும். காய்ந்த விதைதான் முக்கியச் சாப்பாடு. அது செரிக்கும்போது உடம்புக்குள் உண்டாகும் நீரை வைத்தே சமாளித்துவிடும். பகலில் வளைக்குள் போய் வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு தூங்கும். அது விடும் மூச்சின் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். வெளியே அனல், உள்ளே ஈரக்காற்று!

இந்த இடத்தில்தான் நம்ம ஆள் வருகிறார்: சிற்றுண்ணி. மாட்டிலும் நாயிலும் ஒட்டும் உண்ணிக்கு நெருங்கிய சொந்தம். சிலந்தியும் தேளும் பங்காளிகள். இவ்வளவு சின்ன உடம்பு பாலைவன வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால் எலி வளையின் ஈரம் இவர்களுக்குப் பெரிய வரம்.

இவர்களில் 'சிகர்' என்று ஒரு வகை. முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு ஆறே கால். அளவு சுமார் 0.2 மில்லிமீட்டர். எலியின் காதில் போய் ஒட்டிக்கொள்ளும். ரத்தம் குடிக்கிறது என்று பலர் நினைப்பதுண்டு. அது தப்பு. எச்சிலை ஊற்றித் தோலைக் கரைத்து, அந்தக் கூழைத்தான் உறிஞ்சுகிறது. சில நாளில் வயிறு நிறைந்ததும் உதிர்ந்துவிடும். வளர்ந்து எட்டுக் கால் வந்தபிறகு எலி பக்கமே போகாது. மண்ணில் பூச்சி முட்டைகளைத் தின்று பிழைக்கும். சின்ன வயதில் மட்டும் திருட்டு, அப்புறம் திருந்திய வாழ்க்கை :-)

சில சிற்றுண்ணிகள் பலவகை எலிகளில் வாழும். சிலவற்றுக்கு ஒரே வகை எலிதான் உலகம். சிக்கலே இங்குதான். கலிபோர்னியாவின் ராட்சதக் கங்காரு எலி வாழ்ந்த நிலத்தில் பெரும்பகுதி விவசாய நிலமாகிவிட, 1987ல் அதை அழியும் நிலையில் உள்ள விலங்குகள் பட்டியலில் சேர்த்தார்கள். எலிக்குப் பட்டியல் உண்டு. அதன் உடம்பில் குடியிருப்பவர்களுக்கு?

அதே 1987ல், அதே கலிபோர்னியாவில், காட்டில் மிச்சமிருந்த கடைசிக் காண்டோர் கழுகையும் பிடித்துக் கூண்டில் வளர்க்கத் தொடங்கினார்கள். மொத்தமே 27 பறவைகள். நல்லெண்ணத்தோடு மருந்து போட்டுப் பேனையெல்லாம் ஒழித்தார்கள். இன்று காண்டோர்கள் மறுபடியும் வானில் பறக்கின்றன. ஆனால் அவற்றில் மட்டுமே வாழ்ந்த ஒரு பேன் இனம் அதற்குப் பிறகு கண்ணில் படவேயில்லை.

பேன்தானே, போனால் போகட்டும் என்று தோன்றலாம். ஆனால் ஒரு உயிரைக் காப்பாற்றும் வேலையிலேயே இன்னொரு உயிர் தொலைந்துபோனது. அப்போது அதை யாரும் கணக்கிலேயே வைக்கவில்லை. கங்காரு எலியைக் காப்பாற்றக் கிளம்புகிறவர்கள் அதன் காதையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது. அங்கே ஒரு குடித்தனம் நடந்துகொண்டிருக்கிறது.