அறுபது விழுக்காடா, இரண்டு விழுக்காடா?

மூச்சை வைத்துப் பிழைக்கும் தொழில் என்னுடையது. காலை ஆறு மணிக்கு ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தால் நான்கு மணி நேரம் பேச்சு. நீளமான வாக்கியத்தில் எங்கே மூச்செடுப்பது என்பதுதான் அறிவிப்பாளர்கள் முதலில் பழகும் பாடம். நான் வாழும் அதே வீட்டில், ஒரு வாக்கியத்தை முடிக்க அம்மாவுக்கு மூன்று மூச்சு தேவைப்படும் நாள்களும் உண்டு.

அம்மா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டு, பிறகு நெற்றியில் விளக்கு, கையில் வெட்டுக்கத்தி. சில காலம் ரப்பர் தட்டைகளை உலர்த்தும் புகைக்கொட்டகையிலும் வேலை பார்த்தார். தோட்டம் செம்பனைக்கு மாறியது. லயங்கள் காலியாயின. நாங்கள் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. சாமான்களில் பாதியை அங்கேயே விட்டு வந்தோம். அம்மாவின் இழுப்பு மட்டும் கூடவே வந்துவிட்டது.

இழுப்புக்குக் காரணம் சொல்லாத உறவினர் எங்கள் குடும்பத்தில் இல்லை. புகைக்கொட்டகைப் புகை என்பார் பெரிய மாமா. ஐஸ் தண்ணீர் என்பார் அத்தை. ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்பு மலைகளை உடைக்கும் தூசி என்பார் பக்கத்து வீட்டுக்காரர். வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு ஒரு புதிய காரணம் வரும். எல்லாருக்கும் பொதுவான ஒரு கருத்து மட்டும் உண்டு: "பம்பு எடுக்காதே, பழகிப் போயிடும்." அதைக் கேட்டுக் கேட்டு, தினமும் எடுக்க வேண்டிய பம்பை அம்மா சென்ற ஆண்டு நிறுத்திவிட்டார். மூச்சு முட்டினால் மட்டும் நீலப் பம்பு.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்துமா பற்றி ஒரு நிகழ்ச்சிக்குக் குறிப்பெடுக்க உட்கார்ந்தேன். "காரணம் இதுதான்" என்று ஒற்றை வரியில் சொல்லத் தகுந்த ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைத்தது வேறொரு கதை.

நம் இரத்தத்தில் டி அணுக்கள் என்ற காவல்காரர்கள் உண்டு. கிருமியின் புரதத் துணுக்கை அடையாளம் கண்டு தாக்குவது அவற்றின் பொது வேலை. அவற்றுள் ஒரு சிறு கூட்டம் வித்தியாசமானது. அது புரதத்தை விட்டுக் கொழுப்புப் பொருளை அடையாளம் காண்கிறது. மற்றவை ஆயத்தமாக நாள் கணக்காகும். இவை சில மணி நேரத்திலேயே வேதிச் சைகைகளைக் கொட்டி மற்ற அணுக்களை எழுப்பிவிடும். இவற்றின் பெயர் இயற்கைக் கொல்லி டி அணுக்கள். மனித இரத்தத்தின் டி அணுக்களில் இவை பெரும்பாலும் ஆயிரத்தில் ஒன்றுகூட இருப்பதில்லை.

இவற்றைத் தட்டி எழுப்பும் பொருள் கிடைத்த விதம் வேடிக்கையானது. ஜப்பானில் பீர் தயாரிக்கும் கிரின் நிறுவனத்தின் மருந்து ஆய்வாளர்கள், ஒக்கினாவா கடலில் எடுத்த ஒரு கடற்பஞ்சிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து தேடினார்கள். அதில் கிடைத்த கொழுப்புப் பொருள்தான் இந்த அணுக்களை எழுப்புகிறது என்று தனிகுச்சியின் குழு 1997இல் அறிவித்தது. அதன் பிறகு, அரிதான இந்த அணுக்களைத் தனியே பிடித்து எண்ண வழி பிறந்தது.

ஆஸ்துமாவுக்கு வருவோம். 2006இல் புகழ்பெற்ற நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஓரளவு முதல் கடுமை வரையிலான ஆஸ்துமா உள்ள 14 பேரின் நுரையீரலைச் சோதித்ததில், அங்கே இருந்த ஒரு முக்கிய வகை டி அணுக்களில் ஏறக்குறைய 60 விழுக்காடு இந்த இயற்கைக் கொல்லி டி அணுக்களே என்றது அது. இரத்தத்தில் ஆயிரத்தில் ஒன்று. நுரையீரலில் பாதிக்கு மேல்! குற்றவாளி பிடிபட்டுவிட்டான் என்றே தோன்றும். என் நிகழ்ச்சிக்குத் தேவையான அந்த ஒற்றை வரி அங்கே தயாராக இருந்தது.

அடுத்த ஆண்டே, 2007இல், அதே இதழில் இன்னொரு கட்டுரை. அதன் முதல் பெயர் பாண்டுரங்கன் விஜயானந்த். இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த மருத்துவர். அவருடைய குழு ஆஸ்துமா உள்ளவர்கள், புகையால் நுரையீரல் அடைப்பு வந்தவர்கள், நலமாக இருப்பவர்கள் என மூன்று வகையினரை எடுத்துக்கொண்டது. மூச்சுக்குழாய்த் திசு, நுரையீரலைக் கழுவி எடுத்த நீர், சளி மூன்றையும் சோதித்தது. ஒரே அளவுகோலை நம்பாமல் வெவ்வேறு முறைகளில் எண்ணியது. முடிவு: எல்லாரிடமும் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. மூன்று வகையினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடும் இல்லை.

அறுபது எங்கே, இரண்டு எங்கே! விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. எண்ணும்போது வேறு அணுக்களும் ஒட்டிக்கொண்டு கணக்கில் சேர்ந்திருக்கலாம் என்றார்கள் சிலர். இரு ஆய்வுகளிலும் நோயாளிகளின் கடுமை ஒன்றல்ல என்றார்கள் வேறு சிலர். கடுமையான ஆஸ்துமாவில் இவை கூடுதலாக இருக்கலாம் என்று சொன்ன ஆய்வும் வந்தது. ஆனால் அந்த அறுபது நிலைக்கவில்லை.

இதை ஒரு மாலையில் அம்மாவிடம் சொன்னேன். புரியாது என்று நினைத்துச் சுருக்கமாகத்தான் சொன்னேன். அம்மா உடனே கேட்டார்: "மொதல்ல எண்ணுனவங்க வாளிய மட்டும் நிறுத்தாங்களா, பாலையும் பார்த்தாங்களா?"

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். மரம் வெட்டியவர்கள் பாலைக் கொட்டகைக்குக் கொண்டுவருவார்கள். நிறுத்தால் வாளி கனமாக இருக்கும். மழைத் தண்ணீர் கலந்திருந்தாலும் கனமாகத்தான் இருக்கும். அதனால் கிராணி ஒரு மிதவைக் கோலைப் பாலில் விட்டு, உண்மையில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்ப்பார். கூலி அதைப் பொறுத்தது. அந்தக் கோலோடு சண்டை போட்டு வளர்ந்தவருக்கு, விஜயானந்தின் குழு செய்த வேலையை நான் விளக்கத் தேவையிருக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கதையின் பின்பகுதி. 2006 கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் மிட்செல் குரோனன்பெர்க். இந்த அணுக்களை ஆராய்ந்தவர்களில் பெரிய பெயர். அமெரிக்காவின் லா ஹோயா நோயெதிர்ப்பியல் நிலையத்துக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்தவர். அவர் பெயர் இருந்த கட்டுரையை மறுத்த விஜயானந்த் பின்னாளில் பேராசிரியராகப் போய்ச் சேர்ந்ததும் அதே நிலையத்தில்தான். 2018இல் அவருடைய குழுவினர் நலமான 91 பேரிடமிருந்து 13 வகை நோயெதிர்ப்பு அணுக்களைப் பிரித்தெடுத்து, எந்த மரபணு எதில் எவ்வளவு இயங்குகிறது என்ற கணக்கை உலகத்தில் யாரும் பார்க்கும்படி திறந்து வைத்தார்கள். நம் குடும்பங்களில் ஒரு கல்யாணப் பேச்சில் கருத்து மாறுபட்டால் பத்து ஆண்டு முகம் பார்க்க மாட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "தோட்டத்து மண்ணில் புரண்ட பிள்ளைக்கு இந்த நோயெல்லாம் வராது" என்பார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளின் நுரையீரலில் இந்த அணுக்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்தன என்றும், குட்டியாக இருக்கும்போதே கிருமிகளோடு பழக விட்டால் அப்படி ஆகவில்லை என்றும் 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அது எலி. அம்மா மண்ணில்தான் வளர்ந்தார், இழுப்பும் வந்தது. ஆஸ்துமா என்ற ஒரே பெயருக்குள் பல வழிகளில் வரும் நோய் இருக்கிறது. ஒற்றைக் காரணம் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

காரணம் முழுதாகத் தெரியாவிட்டாலும், சிகிச்சை எது உதவுகிறது என்பது அளந்து பார்த்துத் தெரிந்த விஷயம். நீலப் பம்பு குறுகிய குழாயைச் சற்று நேரம் விரிக்கும். உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. அதை அடக்குவது தினமும் எடுக்கும் தடுப்புப் பம்பு. நீலப் பம்பை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டியே 2019 முதல் சொல்லி வருகிறது.

மாமாவிடமோ அத்தையிடமோ நான் வாதாடவில்லை. ஊதிப் பார்க்கும் சிறு கருவி ஒன்றை வாங்கி, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அம்மாவிடம் கொடுத்தேன். பம்பு இல்லாமல் ஒரு வாரம் எழுதினார், 200ஐத் தாண்டவில்லை. பிறகு கிளினிக்கில் காட்டி, மருத்துவர் சொன்னபடி தடுப்புப் பம்பை மறுபடி தொடங்கினார். ஆறு வாரத்தில் 280. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, தம் கையாலேயே எழுதிய கணக்கு.

போன வாரம் அத்தை வந்தபோது வழக்கம்போல "இன்னும் பம்பு எடுக்கிறியா?" என்றார். அம்மா பதில் பேசவில்லை. நோட்டை எடுத்து வந்து மேசையில் விரித்து வைத்துவிட்டு, தேநீர் கலக்கப் போனார்.