மழை உலகத்துச் சிறுமி

பெயரும் ஆசிரியரும் மறந்து, கதை மாத்திரம் நெஞ்சில் தங்கிவிடுவதுண்டு. இளமையில் நாம் படித்த ஒன்று அவ்வாறே தங்கியிருந்தது. ஓயாது மழை பெய்யும் ஓர் உலகம். ஏழாண்டுக்கு ஒருமுறை இரண்டு மணி நேரமே சூரியன் முகங்காட்டும். அவ்வேளை பார்த்து ஒரு சிறுமியைச் சக மாணவர் அறையிற் பூட்டிவிடுவர். மற்றவர்க்கு நினைவில்லாத சூரியனை அவள் பூமியிற் கண்டவள். அதுவே குற்றம் போலும்.

இவ்வாண்டு ஆனி மழையில், அட்டனில் எம் வகுப்புக்கு வவுனியாவிலிருந்து ஒரு மாணவி வந்து சேர்ந்தாள். எந்நேரமும் தன் ஊர் வெயிலைப் பற்றியே பேசுவாள். மற்றப் பிள்ளைகள் அவளை ஒதுக்கினர். அக்கதையை அவர்களுக்குச் சொல்ல விரும்பினோம். கதவு திறக்கப்பட்டதா என்பதோ நினைவில் இல்லை.

1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க்கின் கதையாகலாம் என்றார் நண்பரொருவர். கிடைத்த தொகுதிகளைப் புரட்டினோம்; இல்லை. ஈற்றில், நுவரெலியாவில் ஓர் அன்பர் வீட்டு அலுமாரியில் அகப்பட்டது: அமெரிக்கரான ரே பிராட்பரியின் ‘ஆல் சம்மர் இன் எ டே’, 1954இல் வெளிவந்தது. மழை உலகம் வெள்ளிக் கிரகமாம். 1962இல் மரினர் 2 விண்கலம் அங்கே கொடும் வெப்பமென்று காட்டிவிட்டது. அட்டன் மழையை எந்த விண்கலமும் பொய்யாக்கவில்லை!

கதவைத் திறக்கத்தான் செய்கிறார்கள். சூரியன் மறைந்து, மழை மீண்டும் பிடித்த பின்னர். தமிழாக்கத்தில் இன்னும் இரண்டு பக்கம் எஞ்சியுள்ளது. திங்களன்று வகுப்பில் வாசிப்போம்.