666 என்ற எண்ணும் ஓர் இசைத்தட்டும்



"சுவாமி, பெடியன் 666 எண்டு எழுதின கறுப்பு ரீசேட்டோட திரியிறான். மந்திரிக்க வேணுமோ?" என்று பெற்றோர் சிலர் கேட்கிறீர்கள். அச்சட்டைக்குப் பின்னால் இருப்பது அயர்ன் மெயிடன் குழுவின் 'த நம்பர் ஒவ் த பீஸ்ற்' என்னும் ஹெவி மெற்றல் பாடல். அக்குழுவின் கிற்றார் கலைஞர் டேவ் மரே பிறந்தது நமது எட்மண்டனில். பாடல் பதிவானது, அன்னை மரியாவின் திருத்தலத்தால் நாம் அறிந்த அதே வில்ஸ்டனில்.

1982 ஏப்ரலில் தனி இசைத்தட்டாக வெளிவந்து, பிரித்தானியத் தரவரிசையில் 18ஆம் இடத்தை எட்டியது. அமெரிக்காவில் கிறிஸ்தவர் சிலர் இக்குழுவின் இசைத்தட்டுகளைக் குவித்து எரித்தனர். புகையைச் சுவாசிக்க அஞ்சிச் சுத்தியலால் உடைத்தவர்களும் உண்டாம்!

அவர்கள் பாடலைக் கேட்டார்களோ, அறியேன். இதை இயற்றிய ஸ்ரீவ் ஹாரிஸ், 'ஓமன்' வரிசையின் இரண்டாம் திரைப்படத்தைப் பார்த்தபின் கண்ட தீக்கனவே இதன் வித்து. தொடக்கத்தில் இசை இல்லை. ஒரு நடிகரின் கனத்த குரல் திருவெளிப்பாட்டின் 12ஆம், 13ஆம் அதிகாரங்களிலிருந்து வாசிக்கிறது. பின்னர் கிற்றார், ஐந்தைந்தாய் எண்ணவேண்டிய தாளத்தில். நான்கில் பழகிய காது கால்வைக்க இடமின்றித் தடுமாறும். அதன்மேல் புரூஸ் டிக்கின்சன் இரகசியம் சொல்பவர்போலத் தொடங்குகிறார்: தான் கண்டது மெய்யா, கனவா என்று தெளியாத ஒருவனின் பேச்சு. அக்குரல் மெல்ல இறுகி, நீண்ட அலறலாய் வெடிக்கிறது. எனக்கு அதில் கேட்பது அச்சம்.

ஆயினும் பாடலை முழுவதும் விட்டுவிட மாட்டேன். இறுதியில் பேசுவது அஞ்சியவன் அல்லன், விலங்கு. திரும்பி வருவேன் என்று அது மிரட்டுவதோடு பாடல் நின்றுவிடுகிறது. திருவெளிப்பாடோ 21ஆம் அதிகாரம் சென்று கண்ணீர் துடைக்கிறது.

எண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். எபிரேய எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. நீரோ சீசரின் பெயரை அவ்வாறு கூட்டினால் 666 வரும் என்பது மறைநூல் அறிஞர் பலரின் கருத்து. உரோமைப் பேரரசின்கீழ் வாழ்ந்த சிறு சபைகளுக்கு எழுதப்பட்ட மறைமொழி அது. குறி இல்லாதவர் வாங்கவோ விற்கவோ இயலாது என்றும் அங்கே வருகிறது. சவர்க்காரமும் பற்றரியும் தடைப்பொருளாயிருந்த 1990களை வடக்கில் கடந்தவர்களுக்கு அவ்வசனத்தை நான் விளக்கவேண்டியதில்லை. பிள்ளையின் சட்டையிலுள்ள எண்ணைப் பற்றி அவனைவிட உங்களுக்கே அதிகம் தெரியும். அவனிடம் அதை எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா?

இன்னொன்று: குழுவின் முரசுக் கலைஞர் நிக்கோ மெக்பிரெயின் 1999இல் கிறிஸ்துவிடம் திரும்பினார். அதன் பின்னரும் 2024 வரை மேடைகளில் இப்பாடலுக்கு முரசறைந்தார்.

ஆகவே, மந்திரிக்கக் கேட்டவர்கள் பிள்ளையோடு அறைவீட்டுக்கு வாருங்கள். பாடல் ஐந்து நிமிடமும் இல்லை, சேர்ந்து கேட்போம். சட்டையை மாற்றிவரச் சொல்ல வேண்டாம்.