கேட்கத் தெரிந்தவர் சொல்லட்டும்

சிங்கப்பூரில் ஒரே தமிழ்க் குடும்பத்துக்குள் இரண்டு மூன்று சமயங்கள் இருப்பது புதிதல்ல. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அப்பா வழியில் மூன்று தலைமுறைகளாகக் கிறிஸ்தவர்கள். அம்மா இந்துக் குடும்பத்திலிருந்து வந்தவர். தீபாவளிக்கு நாங்கள் மாமா வீட்டில், கிறிஸ்துமஸுக்கு அவர்கள் எங்கள் வீட்டில். சாப்பிட உட்கார்ந்தால் கேள்விகளும் வரும். “உங்க சாமி மட்டும்தான் சாமியா?” என்று மாமா சிரித்துக்கொண்டே கேட்பார். ஆனால் அது விளையாட்டுக்குக் கேட்ட கேள்வி இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

இத்தகைய கேள்விகளுக்குக் காரணத்தோடு பதில் சொல்வதை ஆங்கிலத்தில் ‘அப்பாலஜெட்டிக்ஸ்’ என்பார்கள். மன்னிப்புக் கேட்பது என்று பொருளில்லை. தன் தரப்பை எடுத்துச் சொல்வதைக் குறிக்கும் ‘அப்போலோகியா’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பேதுருவின் முதல் நிருபம் 3ஆம் அதிகாரம் 15ஆம் வசனத்தில் அந்தச் சொல் இருக்கிறது. நம் நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லும் அதே இடம், அதைச் சாந்தத்தோடு செய்யவும் சொல்கிறது. கிறிஸ்தவர்களாகிய எங்களில் பலர் முதல் பாதிக்கு நன்றாகவே தயாராகிவிடுகிறோம். இரண்டாம் பாதிதான் கடினம்.

வானொலியில் நேர்காணல் செய்பவர்களுக்கு இது புரியும். விருந்தினர் பேசும்போதே அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், அவர் சொன்ன முக்கியமான விஷயம் காதில் விழாமலே போய்விடும். சமயத்தைப் பற்றிப் பேசும்போதும் அப்படித்தான். வாயில் பதிலை வைத்துக்கொண்டு கேட்டால் கேள்வி முழுதாகக் கேட்காது.

300 ஆண்டுகளுக்கு முன்பே இதைப் புரிந்துகொண்ட ஒருவர் உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானியர் பர்த்தலோமேயு சீகன்பால்க். தமிழ்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துக் கற்றார். 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தவர் என்று அவரைப் பலருக்குத் தெரியும். அவர் செய்த இன்னொரு வேலை எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. இந்துத் தமிழர்களுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் நம்பிக்கை, வாழ்க்கை, வழக்கம் பற்றிக் கேள்வி கேட்டார். வந்த பதில்களை ஜெர்மனுக்கு மொழிபெயர்த்து அனுப்பினார். அவற்றில் ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் குடியையும் நடத்தையையும் கண்டிக்கும் பதில்களும் இருந்தன. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் தனியாக ஒரு நூலே எழுதினார். ஐரோப்பாவில் இருந்த பொறுப்பாளர்கள் அதை அச்சிட விரும்பவில்லை. 1867இல்தான் சென்னையில் அது நூலாக வெளிவந்தது.

சீகன்பால்க் தம் நம்பிக்கையை ஒளித்துவைக்கவில்லை. பிறர் வழிபாட்டைத் தவறு என்றே கருதினார், அதைச் சொல்லவும் செய்தார். ஆனாலும் எதிரில் இருப்பவர் என்ன நம்புகிறார் என்பதை அவர் வாயாலேயே கேட்டறிய முயன்றார். இன்று நம் கைப்பேசிக்கு வரும் விவாதக் காணொளிகளில் அந்தப் பொறுமையைக் காண்பது அரிது.

அம்மாவைப் பெற்ற பாட்டி இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலை. சித்தி மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அக்கா, இயேசுவை நம்பாதவங்க எல்லாம் நரகத்துக்குத்தான் போவாங்கன்னு உங்க சர்ச்சுல சொல்வாங்களாமே. அப்ப நம்ம பாட்டி?” என்றாள்.

வானொலியில் மூன்று நொடி மௌனம் விழுந்தாலே எங்களுக்குப் பதறும். அன்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். இந்தக் கேள்விக்கு இறையியல் நூல்களில் பல விளக்கங்கள் உண்டு. ஆனால் அவள் கேட்டது விளக்கம் இல்லை. ‘பாட்டியை நீ எப்படிப் பார்க்கிறாய்? எங்களையெல்லாம் எப்படிப் பார்க்கிறாய்?’ என்பதுதான் அவள் கேள்வி. “பாட்டியைப் பத்திச் சொல்லேன்” என்றேன். நிறையச் சொன்னாள், அழுதாள். பிறகு மறுபடியும் கேட்டாள்.

“நான் இயேசுவை நம்புறேன்மா. அதை மறைக்க மாட்டேன். ஆனா தீர்ப்பு சொல்ற இடத்துல நான் இல்ல. அந்த இடத்துல இருக்கிறவருக்குப் பாட்டியை என்னைவிட நல்லாத் தெரியும். அவருக்கு என்னைவிட இரக்கமும் அதிகம்” என்றேன். அவள் அதை ஏற்றுக்கொண்டாள் என்று சொல்ல முடியாது. ஆனால் இன்றும் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தால் என்னைத்தான் அழைக்கிறாள்.

பண்பாடு அறிந்து பேசுவது சின்னச் சின்ன விஷயங்களில் இருக்கிறது. அடுத்தவர் வழிபாட்டைப் பற்றி இழிவான சொல்லைத் தவிர்ப்பது, நம் சமயத்தின் உயர்ந்த கருத்தை எடுத்து இன்னொரு சமயத்தின் மோசமான வழக்கத்தோடு ஒப்பிடாமல் இருப்பது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது. பிரசாதம் வாங்குவதில்லை என்றால்கூட, இரண்டு கையையும் கூப்பி மறுப்பதற்கும் முகத்தைச் சுளிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் எந்தப் போதகரும் இல்லை, மாமாவின் மனைவிதான். ஒவ்வொரு தீபாவளிக்கும் சாமிக்குப் படைக்கும் முன்பே அத்தை எங்களுக்கென்று முறுக்கும் அதிரசமும் தனியே எடுத்து வைத்துவிடுவார். யாரும் கேட்டதில்லை, அவரும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. எங்கள் நம்பிக்கையை அவர் ஏற்கவில்லை, ஆனால் மதிக்கிறார்.

இங்கே 1990இல் நிறைவேறிய சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. பொதுவெளியில் அது காவல் நிற்கும். வீட்டுக்குள் நடக்கும் பேச்சை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் குடும்பத்திலும் வேறு வழியில் கும்பிடும் ஒருவர் இருப்பார். அடுத்த முறை சந்திக்கும்போது உங்கள் நம்பிக்கையை விளக்கும் முன், அவருடையதைச் சொல்லக் கேளுங்கள். பிறகு அவரும் உங்களுடையதைக் கேட்பார்.