எரியும் விளக்கை நம்பாதவர்கள்

அமெரிக்காவில் 1950, 60களில் செய்த பயண ட்ரெய்லர்களை, அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சக்கர வீடுகளை, பழுது பார்த்து மறுபடி சாலைக்குக் கொண்டுவருவது இன்று தனித் தொழில். ஏர்ஸ்ட்ரீமின் அலுமினிய உடல், ஷாஸ்டாவின் பின்பக்கச் சிறகு என்று வாங்குபவரின் கண் வெளியழகிலேயே நின்றுவிடும். மின்வேலை செய்பவரோ நேரே சுவரிலிருக்கும் பிளக் பாயின்ட்டுக்குத்தான் போவார். “இதில் கரண்ட் வரவில்லை” என்றுதான் அவரைக் கூப்பிடுகிறார்கள். இந்த வேலையைக் கவனிக்கக் கவனிக்க எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு: கரண்ட் வராத பாயின்ட் பெரும்பாலும் வெறும் தொல்லை, ஆளைக் கொல்லக்கூடியது ஒழுங்காக வேலை செய்வதாகத் தோன்றும் பாயின்ட்.

செத்த பாயின்ட்டின் காரணங்கள் எளியவை. வண்டிக்குள் இரண்டு மின்சாரம் ஓடுகிறது: பேட்டரியின் 12 வோல்ட், முகாம் மைதானத்து மின்கம்பத்திலிருந்து வரும் 120 வோல்ட். விளக்கு எரிகிறதே, பாயின்ட் மட்டும் ஏன் இல்லை என்பவருக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது. மீதி, பின்னாளில் யாரோ பொருத்திய ஜி.எஃப்.சி.ஐ. என்ற பாதுகாப்புப் பாயின்ட் மின்கசிவு கண்டு துண்டித்திருக்கும். அதற்குப் பின்னால் இணைந்தவை எல்லாம் அதோடு அணைந்துவிடும். இல்லையென்றால் நெடுஞ்சாலை அதிர்வில் தளர்ந்த திருகு. ஒயர் அலுமினியமாக இருந்தால் மட்டும் இது விளையாட்டல்ல. அது தாமிரத்தைவிட அதிகம் விரிந்து சுருங்குவதால் இணைப்பு தளர்ந்து, சூடேறி, தீப்பிடிக்கவும் கூடும்.

இனி, வேலை செய்யும் பாயின்ட். பழைய வண்டிகள் பலவற்றில் இருந்தவை இரண்டு துளைப் பாயின்ட்டுகள். அவற்றில் எர்த் கம்பியே கிடையாது. அழகுக்காக யாராவது மூன்று துளைப் பாயின்ட்டை மாட்டிவிட்டு, நியூட்ரலிலிருந்து எர்த் திருகுக்குச் சிறு துண்டு ஒயரைப் போட்டிருப்பார். மூன்று விளக்கு டெஸ்டர் ‘எல்லாம் சரி’ என்று காட்டும். எங்கோ முன்னால் லைனும் நியூட்ரலும் மாறியிருந்தாலும் அதே விளக்குகள்தான் எரியும். ஆனால் அந்த எர்த் துளையில் இப்போது 120 வோல்ட். மூன்று முள் பிளக் உள்ள சாதனத்தை மாட்டினால் அதன் உலோக உடலுக்கும், அது வண்டியைத் தொட்டால் வண்டிக்கும் அந்த மின்சாரம் ஏறும். இந்தத் தொழிலில் இதை ‘ஹாட் ஸ்கின்’ என்கிறார்கள். டயர் ரப்பர் என்பதால் மின்சாரம் தரைக்கு இறங்காமல் நிற்கும்; ஈரப் புல்லில் நின்று கதவுப்பிடியைத் தொடுபவர்தான் வழியாவார். அதனால்தான் அனுபவசாலிகள் டெஸ்டரை மட்டும் நம்பாமல், மல்டிமீட்டரின் ஒரு முனையை வண்டியின் உடலிலும் மறுமுனையை ஈர மண்ணில் குத்திய ஸ்க்ரூடிரைவரிலும் வைத்து அளக்கிறார்கள்.

‘பிரேக்கர் இருக்கிறதே’ என்பார்கள். பிரேக்கர் விழ 15 ஆம்பியருக்கு மேல் வேண்டும். இதயத்தைத் தடுமாறவைக்க ஓர் ஆம்பியரில் பத்திலொரு பங்கு போதும். ‘தரையில் ஒரு கம்பி அடித்து இணைத்துவிடலாம்’ என்பதும் கணக்கில் தேறாது. மண்ணின் தடை 25 ஓம் என்றால் 120 வோல்ட்டில் ஓடுவது 5 ஆம்பியர்கூட இல்லை, பிரேக்கர் அசையாது. ‘அறுபது வருஷமாக ஒன்றும் ஆகவில்லை’ என்ற வாதம் அந்த வருஷங்களில் எல்லாரும் செருப்பணிந்து காய்ந்த தரையில் நின்றார்கள் என்பதைத் தவிர வேறெதையும் நிரூபிக்காது. வலுவான மறுப்பு ஒன்றுதான்: எர்த் இல்லாமலே ஜி.எஃப்.சி.ஐ. ஆளைக் காக்குமே? உண்மை. சுமார் 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும். ஆனால் கோளாறு அதற்கு முன்னால், கம்பத்திலோ கேபிளிலோ இருந்தால் அதற்குத் தெரியாது.

பழைய ட்ரெய்லர் வாங்கப் போகிறவர்கள் பாயின்ட்டில் விளக்கை மாட்டிப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். கம்பத்திலிருந்து கேபிளைக் கழற்றச் சொல்லிவிட்டு, பாயின்ட்டையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பின்னால் எத்தனை ஒயர் வருகிறது என்று எண்ணுங்கள்.