மாமரத்தில் ஒரு கருவளையம்



எங்கள் பள்ளித் தோட்டத்து மாமரத்தின் அடிமரத்தில் கையகலத்திற்கு ஒரு கருவளையம் உண்டு. அது நான் செய்த பிழையின் தழும்பு.

2018ஆம் ஆண்டு அந்த இளமரம் முதன்முதலாகக் காய்த்தது. கெரெங்கா என்று நாம் அழைக்கும் முசுறு எறும்புகள் இலைகளைப் பின்னிக் கூடு கட்டியிருந்தன. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கடிபட்டு அழுதாள். பிள்ளைகள் நடமாடும் இடத்தில் மருந்து தெளிக்க எனக்கு மனம் வரவில்லை. எலி பிடிக்கும் பசையை வாங்கி வந்து, மரப்பட்டையின் மீதே சுற்றிலும் பூசினேன். நஞ்சில்லா வழியைக் கண்டுவிட்டதாகப் பெருமிதம் வேறு!

மூன்றாம் நாள் காலை நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் ஓடி வந்தான்.

“டீச்சர், பசையில் ஓணான் ஒட்டிக்கொண்டு துடிக்கிறது!”

சமையல் எண்ணெயைச் சிறிது சிறிதாகத் தடவி அதை விடுவித்தோம். அது புதருக்குள் மறைந்த பிறகு அவன் கேட்டான்: “எறும்பை மட்டும் பிடிக்கும் பசை இல்லையா, டீச்சர்?” என்னிடம் பதில் இல்லை.

எறும்புகளோ வேலியைத் தொட்ட கிளை வழியாக வழக்கம்போல் ஏறிக்கொண்டிருந்தன. பசை வெயிலில் இளகிப் பட்டைக்குள் ஊறியது. சில மாதங்களில் பட்டை கறுத்து வெடித்துப் பிசின் வடிந்தது. இலைகள் ஆக்கிய உணவு பட்டையின் உட்புறம் வழியாகவே வேருக்குச் செல்கிறது. சுற்றிலும் அப்பாதை அறுந்தால் மரம் பட்டுவிடும். இதை வகுப்பில் கற்பித்தவளும் நானே!

தோட்ட வேலையில் தேர்ந்த பெரியவர் ஒருவர் பின்னர் முறையைக் காட்டித் தந்தார். முதலில் வேலி, சுவர், உயர்ந்த புல் ஆகியவற்றைத் தொடும் கிளைகளைக் கழிக்க வேண்டும். அடுத்து, பட்டையின் வெடிப்புகள் மறையும்படி துணியைச் சுற்றி, அதன்மேல் அகலமான ஒட்டு நாடாவை இறுக்காமல் ஒட்ட வேண்டும். மரங்களுக்கென விற்கப்படும் பசையை அந்நாடாவின் நடுவில் மட்டும் மெல்லியதாகப் பூச வேண்டும். பறவையும் ஓணானும் அணுகாதபடி சற்றுத் தள்ளிக் கம்பிவலை கட்டுவது நல்லது. தூசியும் செத்த எறும்புகளும் படிந்தால் அவையே பாலமாகிவிடும். ஆகவே வாரந்தோறும் பார்வையிட வேண்டும். காய்ப்பு முடிந்ததும் அனைத்தையும் அகற்றிவிட வேண்டும். பசையைப் பெரியவர்களே கையுறையணிந்து பூச வேண்டும்.

எறும்பைத் தடுக்கத்தான் வேண்டுமா என்பதையும் எண்ணிப் பாருங்கள். முசுறு, சாறுறிஞ்சும் மாவுப்பூச்சிகளைப் பேணுவது உண்மைதான். ஆயினும் இலை தின்னும் புழுக்களை அது வேட்டையாடுகிறது. எலுமிச்சை இன மரங்களைக் காக்க இவ்வெறும்புகளின் கூடுகள் சந்தையில் விற்கப்பட்டதை, கி.பி. 304இல் எழுதப்பட்டதாகக் கூறப்படும் சீன நூலொன்று குறிப்பிடுகிறது.

நல்ல வேளையாக, மரம் பிழைத்துக்கொண்டது. இப்போது காய்க்கும் பருவத்தில் மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் புதிய வகுப்பிற்கு அத்தழும்பைக் காட்டி, “இது டீச்சர் அவசரப்பட்டதால் வந்தது” என்கிறேன். அன்று அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அளவே இல்லை.