வழிகாட்டிப் பலகை யாருக்காக?

பாடம் புரியாமல் நிற்பது வேறு. பாடம் இருக்கும் இடம் தெரியாமல் நிற்பது வேறு. புரியாத பாடத்தை ஆசிரியரிடம் கேட்டுவிடலாம். இடம் தெரியவில்லை என்று கேட்கத்தான் நமக்கு வெட்கம். நண்பர்களே, இந்த இரண்டாவது கஷ்டத்தைப் பற்றித்தான் இம்மலரில் எழுத விரும்பினேன்.

நாம் அசைன்மென்ட் அனுப்புகிறோமே, அந்த மூடுல் மென்பொருளின் பெயரில்தான் 'மூடு' இருக்கிறது. ஆள் என்னவோ எல்லோருக்கும் திறந்தே கிடப்பவர்! ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமஸ் என்பவர் தொடங்கியது. முதல் பதிப்பு 2002-ல் வெளிவந்தது. காசு கொடுக்க வேண்டாம். மூல நிரலையே இறக்கி, மாற்றி, பிறருக்கும் தரலாம். பெரிய பல்கலைக்கழகமும் சரி, சின்னப் பாலிடெக்னிக்கும் சரி, இதை வைத்துக்கொள்ள முடிவது அதனால்தான்.

ஆனால் இலவசமாகக் கிடைப்பது எளிதாகவும் இருக்குமா? முதலாண்டில் நாம் பார்த்தது பழைய பதிப்பு. ஒரு பாடத்தைத் திறந்தால் எல்லா வாரமும் ஒரே பக்கத்தில் நீண்டு கிடக்கும். செல்போனில் விரல் தேயத் தள்ள வேண்டும். இடப்பக்கப் பட்டியலில் அந்தப் பாடத்துக்கு உரியதும், மொத்தத் தளத்துக்கு உரியதும் ஒரே வரிசையில் கலந்து நிற்கும்.

என் பெஞ்ச் நண்பன் ஒருவன் அசைன்மென்டை முடித்து போனில் வைத்திருந்தான். அனுப்பும் இடம் கிடைக்கவில்லை, கெடு தாண்டிவிட்டது. "இதெல்லாம் நமக்கு வராதுடா. ஊருக்கே போயிடறேன்" என்றான். அவன் எழுதியதை நான் படித்தேன். என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. குறை பட்டியலில் இருக்க, அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டானே, அதுதான் எனக்கு உறுத்தியது. அவனும் என்னைப் போல வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவன்.

என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில், "இது எந்த ஊர் போகுது தம்பி?" என்று கேட்பார். "போர்டுலதான் போட்டிருக்கே" என்று பதில் வரும். தெரிந்தவருக்கு அது வெறும் போர்டு. தெரியாதவருக்கு அது சுவர். கம்ப்யூட்டர் திரையிலும் அதே கதைதான்.

2022 ஏப்ரலில் வந்த மூடுல் 4.0 பதிப்பில் இந்தச் சுவரைத்தான் இடிக்கப் பார்த்தார்கள். முகப்பு, டாஷ்போர்டு, என் பாடங்கள் என்று தளத்துக்கு உரியவை மேலே ஒரு வரிசையில் போயின. பாடத்துக்குள் நுழைந்தால் பங்கேற்பாளர், மதிப்பெண் எல்லாம் தனி வரிசை. இடப்பக்கம் புத்தகத்தின் பொருளடக்கம் போல அந்தப் பாடத்தின் தலைப்புகள் மட்டும். முடித்ததற்கு அடையாளமாகப் பச்சை வட்டம்கூட வைக்கலாம். புதுப் பாடம் எதுவும் சேரவில்லை. இருந்ததை இடம் மாற்றி வைத்தார்கள், அவ்வளவுதான்.

இரண்டாமாண்டில் நமக்கும் புதிய பதிப்பு வந்தது. பழகியவர்கள் சிலர், "அந்தப் பல்சக்கரப் படம் எங்கே போச்சு?" என்று அலுத்துக்கொண்டார்கள். அதிலும் நியாயம் உண்டு. பழகிய வீட்டில் அடுப்பை இடம் மாற்றினால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் கணக்குப் பாருங்கள். பழகியவருக்கு ஒரு வாரத் தொல்லை. புதியவரோ, வழி தெரியாவிட்டால் திரும்பியே போய்விடுவார்.

என் நண்பன் போகவில்லை. அவன் மார்க் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறிவிடவும் இல்லை. ஆனால் இப்போது யாரையும் கேட்காமல் அசைன்மென்ட் அனுப்புகிறான். முதலாண்டுத் தம்பிகளுக்கும் காட்டிக் கொடுக்கிறான்.

நாளை நாமும் கட்டட வரைபடம் போடுவோம், மெஷினுக்குச் சுவிட்சு வைப்போம், புரோகிராம் எழுதுவோம். எதைச் செய்தாலும் அதைக் கண்டே இராத ஒருவர் கையில் முதலில் கொடுப்போம். வாய் திறக்காமல் பக்கத்தில் நிற்போம். அவர் எங்கே தயங்குகிறாரோ, அங்கே நம் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.